நூற்று அறுபதாவது மூக்கு

லாம்துவன் அக்கா முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்; முகமெல்லாம் அப்புறம். படகிலோ பேருந்திலோ எதிரே நிற்பவளின் மூக்குத்தண்டை ஓரக்கண்ணால் அளந்துவிட்டு, "இது இல்ல" என்று முணுமுணுப்பார். பாங்காக்கில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதிப் பேர் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதானே மூக்கையே உயர்த்திக்கொண்டார்கள்.

அழகு அறுவைச் சிகிச்சையில் ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் துணைநிற்கும் சின்ன அறக்கட்டளை ஒன்றில் அவர் எழுத்தர். ஐந்து வருடத்துக்கு முன் அதன் ஆராய்ச்சிக்காக இருநூறு பெண்களுக்கு மூக்கை உயர்த்தினார்கள். பாதிப் பேருக்குச் சிலிக்கான், மீதிப் பேருக்குக் காதிலிருந்து எடுத்த குருத்தெலும்பு. எது நிலைக்கிறது என்று அறிய, நூற்று அறுபது பேரையாவது மறுபடி அளக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆராய்ச்சி செல்லாது. இளம் மருத்துவர்கள் பழையபடி குத்துமதிப்பாகத்தான் படிப்பார்கள். வெள்ளிக்கிழமை கெடு. வியாழன் காலையில் நூற்று ஐம்பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள்.

"ஒருத்திதானக்கா, விட்டுருங்க" என்றார் மூக்குகளை அளக்கும் டாக்டர் கிட்டிபூம், அலுத்துப்போய்.

"ஒருத்திய விட்டா மத்த எல்லாரையும் விட்ட மாதிரி. நீங்க போயி கையக் கழுவிட்டு அளக்கத் தயாரா இருங்க டாக்டர்."

மூக்கு உயர்ந்தால் அதிர்ஷ்டமும் உயரும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த வேகத்தில் ஜோசியரிடம் போய்ப் பெயரையும் மாற்றிக்கொள்வார்கள். பட்டியலில் இருந்த சோம்புங் இப்போது சோம்புங் இல்லை. தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள். அக்கா அசரவில்லை. பெயர் வைக்கும் ஜோசியர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்கினார். ஒன்பதாவது ஜோசியர், "ஒனக்கும் ஒரு நல்ல பேராப் பாக்கவா?" என்று கேட்டார்.

"எதுக்கு ஜோசியரே? நான் தொலஞ்சா தேட ஆளில்லயே."

அவர் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சோம்புங்கின் புதுப்பெயர் நத்தநிச்சா. தலாத் ப்ளு சந்தையில் வாழைப்பழம் பொரித்து விற்கிறாள்.

"ஆள் மாறி வந்துட்டீங்கக்கா" என்றாள் நத்தநிச்சா, எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். கணவன் தேங்காய் வாங்கப் போனதும் குரல் இறங்கியது. "நான் மூக்க உசத்திக்கிட்டது அவருக்குத் தெரியாதுக்கா. பாப்பா சப்ப மூக்காப் பொறந்தப்போ, இது யார உரிச்சு வச்சிருக்குன்னு கேட்டாரு. ஒங்க அத்தயன்னு சொல்லிட்டேன்."

"பழி அத்த மேலயே இருக்கட்டும். பேரெல்லாம் எழுத மாட்டோம், வெறும் நம்பர்தான்."

"எனக்குத்தான் ஒண்ணும் கோளாறு இல்லயே. நான் எதுக்கு வரணும்?"

"கெட்டுப்போனவ தானா ஓடி வருவா. நல்லா இருக்கறவளும் வந்தாத்தாம்மா டாக்டருங்க கத்துக்குவாங்க."

நத்தநிச்சா அடுத்த பழத்தை மாவில் தோய்த்தாள்.

அக்கா எப்போதும் போட்டிருக்கும் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார். இருபத்திரண்டு வயதில், பையைத் தூக்கிக்கொண்டு வந்த போலி டாக்டர் ஒருவன், வாடகை அறையில் வைத்து ஊசியால் ஏற்றிய ஏதோ ஒன்று, மூக்குத்தண்டை ஒரு பக்கமாகக் கோணி, தோலைக் கல்லாக்கியிருந்தது. அலுவலகத்தில்கூட அதைப் பார்த்தவர்கள் குறைவு.

மாவு ஒட்டிய நத்தநிச்சாவின் விரலை அக்கா பிடித்து, அந்தக் கோணலின்மேல் வைத்து அழுத்தினார்.

நத்தநிச்சா கையை உடனே எடுக்கவில்லை. பிறகு அடுப்பைத் தணித்தாள். வெளிச்சம் வரும் பக்கமாகத் திரும்பி, அளந்துகொள்ளட்டும் என்பதுபோல் மோவாயை உயர்த்தினாள்.