அலைக்கு முதுகு காட்டினார்

தென்காசியில் எங்களுக்குப் பாத்திரக்கடை. என் கணவருக்கு சர்ஃபிங் பைத்தியம். கடை லீவு என்றால் போதும், காருக்கு மேல் சர்ஃபிங் போர்டைக் கட்டி, செங்கோட்டை வழியாக வர்க்கலைக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவோம்.

அன்று அலை பெரிதாக இருந்தது. "இன்னைக்கு வேண்டாங்க" என்றேன்.

"பொறந்ததுலருந்து அருவியில நிக்கேன். நமக்குத் தண்ணி புதுசாட்டி?" என்று இறங்கிவிட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும்போது ஓர் அலை எழும்பி வந்தது. அருவிக்கு முதுகைக் கொடுத்துக் குளித்த பழக்கம்! போர்டை விட்டுவிட்டு, சட்டென்று திரும்பித் தலையைக் குனிந்துகொண்டார். காலில் கயிற்றால் கட்டியிருந்த அதே போர்டை அலை தூக்கிப் பின்மண்டையில் அடித்தது. ஆளைக் காணோம். பக்கத்தில் நின்ற சர்ஃபிங் பயிற்சியாளர் ஒருவர்தான் இழுத்துத் தூக்கினார். நல்லவேளை, தையலோடு போயிற்று.

வரும் வழியெல்லாம் அவர் தையலைத் தடவிக்கொண்டே வந்தார். நான் "சொன்னேம்லா" என்று ஆரம்பிக்கவில்லை. பயந்துபோன மனுஷனிடம் என்னத்தைச் சொல்ல!

இப்போதும் போகிறோம். அவர் கடலில் இருக்கும்வரை நான் போனைத் தொடுவதில்லை. "திரும்பாதீங்க!" என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே இருப்பேன்.

போன வாரம் ஐந்தருவியில் எல்லோரும் முதுகைக் கொடுத்துக் குளிக்க, இவர் மட்டும் அருவியைப் பார்த்தபடி மூச்சுமுட்ட நின்றார். தாங்க முடியாமல் கத்தினேன்: "இங்கன திரும்பிக்கலாங்க!"