பக்கத்து சீட்டில் உட்காருகிறவன்

டெஸ்ட் டிரைவ் என்பது ஓட்டத் தெரிந்தவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நடுங்கும் தொழில். மனைவிக்கோ மகனுக்கோ வண்டி பழக்கிவிட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் காலும் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்திருக்கும்.

கடலூரில் ஒரு ஷோரூம். காடு மேடு ஏறுகிற ஜீப்பைப் புது வடிவில் விட்டிருக்கிறார்கள். லாரி ஓட்டி ஓய்ந்த என்னை வாடிக்கையாளர்களோடு அனுப்புகிற மேனேஜர் என் அக்கா மகன். முதல் நாளே எல்லார் முன்னாலும் சொன்னான்: "மாமா, ஓட்டிக் காட்டுறதுக்கு இந்த ஒரு வண்டிதான். ஒரு கீறல் வுழுந்தாலும் மறுநாள் வராதீங்க." சின்ன வயதில் என் லாரி கேபினில் மூக்கு ஒழுகத் தூங்கினவன். நான் அதை மறக்கப் போவதில்லை. எட்டாவது பெயிலான எனக்கு இந்த வயதில் வேறு யார் வேலை தருவார்கள்? சாவியை எடுத்துக்கொண்டேன்.

பயம் பத்தவில்லை

காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரர், பழைய மாடலை வருஷக்கணக்காக ஓட்டியவர். பைபாஸ் ஓரம் கொட்டிக் கிடந்த செம்மண் மேட்டைக் கண்டதும் கேட்காமல் கொள்ளாமல் ஏற்றிவிட்டார். முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. உச்சியில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்தபோது குலதெய்வத்துக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டேன். கீழே இறங்கியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் முகத்திலோ ஏமாற்றம்.

"பழைய வண்டில ஏறுனா அடிவயிறு கலக்கும் பெரியவரே. இதுல குலுக்கலே இல்ல. பயத்த எடுத்துட்டானுவ, திருப்பி வைக்கச் சொல்லுங்க."

கைப்பிரேக்

சிதம்பரத்துப் பல் டாக்டரம்மா ஒருவர். ஸ்டீயரிங்கைப் பிடித்ததுமே ஆரம்பித்தார். கூரையைக் கழற்ற வரவேண்டும், நடுவில் இவ்வளவு பெரிய டிவி வேண்டாம், முன் லைட்டு வட்டமாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ரோட்டைப் பார்க்கவே இல்லை. அப்போது எருமை ஒன்று குறுக்கே வந்தது.

பழைய மாடலில் இரண்டு சீட்டுக்கும் நடுவே கைப்பிரேக் இருக்கும். எனக்கிருந்த ஒரே ஆயுதம் அதுதான். புது வண்டியில் அதை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்குக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டன் வைத்துவிட்டார்கள். அப்படிச் செய்தவன் எவனும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டான். பழக்கத்தில் நான் பாய்ந்து இழுத்தது டாக்டரம்மாவின் தண்ணீர் பாட்டிலை. எருமைக்கு ஒரு சாண் முன்னால் அவரே பிரேக் அடித்தார்.

"பாத்தீங்களா அங்கிள், நீங்களே தேடுறீங்க! கைப்பிரேக் திரும்ப வேணும்னு நானும் அதான் சொல்றேன்."

வுடு

அடுத்து வந்தவர் திட்டக்குடி கான்ட்ராக்டர். வண்டி தண்ணீரில் இறங்குமா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரியவேண்டும். சிதம்பரம் பக்கம் ஒரு வாய்க்கால், மழைக்குப் பிறகு நிறைய ஓடியது. "மச்சான், வீடியோ எடு" என்று பின்சீட்டில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கரையிலிருந்து இறக்கினார்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் 'வுடு' என்றால் காலை எடு என்றும் அர்த்தம், அடித்து ஓட்டு என்றும் அர்த்தம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கத்தான் "வுடு! வுடு!" என்று கத்தினேன். அவர் முழுசாக மிதித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் சுவர் மாதிரி எழும்பியது. இன்ஜின் இருமியது. எனக்கு நீச்சல் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி அக்கரையில் கருவேலம் புதரைக் கிழித்துக்கொண்டு ஏறியது. கதவில் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே கோடாகக் கீறல்.

"நானே பயந்துகினுதான் இருந்தேன் பெரியவரே. நீங்க வுடு வுடுன்னதும்தான் தைரியம் வந்துச்சு!"

கீறல்

 வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதே கடலூர்வரை மனதில் ஓடியது. ஷோரூமில் சாவியை மேசைமேல் வைத்தேன். அக்கா மகன் வெளியே வந்து கீறலை விரலால் தடவினான்.  அதற்குள் உள்ளே காட்சிக்குப் பளபளவென்று நின்ற புது வண்டியை விட்டுவிட்டு, வந்திருந்தவர்கள் எல்லாம் இந்தச் சேற்று வண்டியைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் கீறலோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். கான்ட்ராக்டரின் வீடியோவைப் பார்த்த சிநேகிதர்கள் வேறு அதே வண்டியைக் கேட்டு ஷோரூமுக்குப் போன்மேல் போன் போட்டார்கள். அக்கா மகன் முகம் மலர்ந்துவிட்டது.

"இதக் கழுவாதீங்க மாமா. நாளைலேர்ந்து எல்லாரையும் அந்த வாய்க்காலுக்கே கூட்டிகினு போங்க."

வேலை போய்விடுமே என்று அதுவரை பயந்தேன். போகவில்லையே என்று இப்போது பயப்படுகிறேன்.