யாருடைய ‘என்னங்க’?

என் அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை என்று எது வந்தாலும் தைப்பாள். பொறாமை அவள் கூடவே பிறந்தது. அவள் கூடப் பிறந்த நான் சொல்கிறேன், நம்பலாம். லிப்ட் பழுது பார்க்கும் அத்தான் தாமதமாக வந்தால், "அந்த லிப்ட்டையே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதானே?" என்பாள். அத்தான் சிரித்துக்கொண்டே கைகழுவப் போவார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அத்தான் வேலையில் ஏணியிலிருந்து விழுந்ததில் தலையில் அடிபட்டது. உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் ஒரே பார்வை, அக்காவைப் பார்த்தாலும் அதேதான். தன்னை அவருக்கு அடையாளம் தெரிகிறதா என்ற ஒன்றுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அந்த ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தாள். தலையில் அடிபட்டவர்கள் தெரிந்த குரலைக் கேட்டால் மூளையில் என்ன நடக்கிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற பெண். கருவிக்குள் அசையாமல் படுக்க அத்தானை மூன்று வாரம் பழக்கினாள். அவள் "அசையாதீங்க" என்றால் கல்லாகக் கிடப்பார். "தண்ணி குடிங்க" என்றால் குடிப்பார். அக்கா டம்ளரை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வார்.

அக்காவுக்கு வயிறு எரிந்தது. "அவ சொன்னா மட்டும் காது கேக்குதாடி இந்த மனுஷனுக்கு?" என்று என்னிடம் பொருமினாள். "மினுக்கி! சட்டையைப் பாரு, தோள்பட்டை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. எவன் தச்சானோ."

குரல் பதிவு செய்த அன்று இன்னும் மோசம். அக்கா, மாணவி, அத்தானுக்கு முன்பின் தெரியாத ஒருத்தி என மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். மாணவியே அதை எழுதி வந்திருந்தாள்: "என்னங்க, நான் வந்துட்டேன்." கல்யாணம் ஆகாத பெண், அவளுக்கு என்ன தெரியும்! மைக்கில் அவள் "என்னங்க" என்றதுதான் தாமதம், அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"யாரை யாரு என்னங்கங்கிறது?"

"மூணு பேரும் ஒரே வார்த்தை சொன்னாத்தான் வித்தியாசம் தெரியும்க்கா..."

"அதுக்கு ஊர்ல வேற வார்த்தையே கிடைக்கலையா?"

அதே கோபத்தோடுதான் தன் பங்கையும் பேசினாள். ‘வந்துட்டேன்’ என்பது அடிக்க வந்தவள் சொன்னதுபோல இருந்தது.

ஸ்கேன் எடுத்துப் பத்து நாள் கழித்து மாணவி கூப்பிட்டாள். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"மன்னிச்சுடுங்கக்கா. அவரோட ஸ்கேனை ஆராய்ச்சியில சேர்க்க முடியாது. தலையை அசைச்சுட்டார், படம் கலங்கிப்போச்சு."

"உன் பேச்சைக் கேட்டுக் கல்லாட்டம் கிடப்பாரே?" அக்காவின் குரலில் ஒரு சின்ன சந்தோஷம்.

தலை அசைவைக் காட்ட மாணவி கம்ப்யூட்டரைத் திருப்பினாள். குரலுக்கு ஒன்றாக மூன்று கோடுகள். இரண்டு படுத்துக் கிடந்தன. மூன்றாவது துள்ளித் துள்ளிக் குதித்தது.

"இது எது?"

"உங்க குரல்க்கா. பன்னிரண்டு தடவை போட்டோம். பன்னிரண்டு தடவையும் திரும்பிட்டார்."

"உன் குரலுக்கு?"

"அசையவே இல்லக்கா."

அக்கா அழுதாள். அழுது முடித்து, மாணவியின் தோளைத் தொட்டு, "இந்தச் சட்டையை நாளைக்கு எடுத்துட்டு வா. பிரிச்சுச் சரியாத் தச்சுத் தரேன்" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. "என்னங்க, நான் வந்துட்டேன்" என்றேன். நாலு தடவை சொன்னேன். அக்காவை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.