தாவீது ஸ்டுடியோவில் வெளுத்த ஏரி

கும்மிடிப்பூண்டி பஜாரில் தாவீதின் ஸ்டுடியோவுக்கு ஒரு பேர் உண்டு. அங்கே படம் எடுத்துக்கொண்டவர் யாரும் கறுப்பாக இருக்க மாட்டார். பெண் பார்க்க அனுப்பும் படம், மஞ்சள் நீராட்டு ஆல்பம், ஞானஸ்நானப் படம், எதுவானாலும் சரி, தாவீது கைபட்டால் முகம் வெளுத்துவிடும். பவுடர் அப்பினாற்போல வெளுக்க வைக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தாவீது வெளுக்க வைத்தால் பெற்ற தாய்க்கே சந்தேகம் வராது. கேட்டு வாங்கிப் போனவர்கள் எல்லாரும் இதே ஊர்க்காரர்கள்தான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவர்கள் பேசிய பேச்சைக் கேட்கும்போது அது ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. படங்களைத் திருத்தும் மென்பொருளில் அவன் ஒரு ‘டோன்’ செய்து வைத்திருந்தான். நம் தோலின் நிறத்தைக் கம்ப்யூட்டர் ஆரஞ்சு என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்த ஆரஞ்சின் அடர்த்தியைக் குறைத்து வெளிச்சத்தை ஏற்றினால் பட்டுப்புடவை அப்படியே இருக்கும், முகம் மட்டும் வெளுக்கும். முகூர்த்த மாதத்தில் ஒவ்வொரு படத்துக்கும் டோன் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? கேமராவிலிருந்து படம் இறங்கும்போதே தானாக விழும்படி வைத்துவிட்டான். அப்புறம் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனான்.

அவன் மனைவி பிரின்சி ஆல்பம் வடிவமைப்பவள். அவள் வேலை செய்வது வேறு மென்பொருளில். இந்த டோன் தாவீதின் மென்பொருள் தனக்குள் வைத்துக்கொள்ளும் குறிப்பு மாதிரி. கேமராவில் பதிந்த அசல் படத்தை அது தொடுவதில்லை. அசலை எடுத்து வேறு மென்பொருளில் திறந்தால் மாப்பிள்ளை மறுபடி கறுத்துவிடுவார். ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. ஒரு பக்கத்தில் சிவந்த மாப்பிள்ளை, அடுத்த பக்கத்தில் கறுத்த மாப்பிள்ளை. பெண் வீட்டார் ஸ்டுடியோ வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து, தாவீது தன் மென்பொருளிலிருந்து வெளியே எடுத்துக் கொடுக்கும் படத்தைத் தவிர வேறு எதையும் பிரின்சி தொட மாட்டாள். அசலை யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள்.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஊர் ஏரிக்குக் கீழே ஜானகியம்மாளுக்கு நிலம் இருந்தது. கணவர் போன பிறகு அந்த அம்மாளுக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். தாவீதின் அம்மா அந்த நிலத்தில் நாற்று நட்டவள். வரப்பில் தூங்கிய பிள்ளை இன்று பஜாரில் கடை வைத்திருக்கிறான் என்று ஜானகியம்மாள் வாயாரச் சொல்லும். அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் பழைய முதலாளித்தனமும் இருந்தது. தாவீது இரண்டையும் சிரித்தபடி வாங்கிக்கொள்வான்.

ஏரிக்கு மேல்கரையில் ஒரு கம்பி ஆலை. இரும்பைத் திராவகத்தில் கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விட்டார்கள். ஏரி துருப்பிடித்த தகரம் மாதிரி ஆயிற்று. அந்தத் தண்ணீர் பாய்ந்த இடத்தில் நாற்று கருகியது. மழைக்கு முன்னால் அதிகாரிகள் வந்து தண்ணீரை எடுத்துச் சோதித்தால் கால்வாய் அடைபடும், ஜானகியம்மாள் சம்பா நடலாம். மழை முந்திக்கொண்டால் எல்லாம் கரைந்துபோகும். உடனே வந்து பார்க்க வைக்க வேண்டுமானால் படத்தோடு மனு கொடுக்க வேண்டும். ஊரில் இதற்கெல்லாம் முன்னால் நிற்கிறவர் துளசிராமன். அவர்தான் தாவீதைக் கூட்டிப் போனார்.

“தண்ணி எப்டி கீதோ அப்டியே எடு தாவீது. ஏத்தவும் வாணாம், எறக்கவும் வாணாம்” என்றார்.

தாவீது முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்தான். கரையில் நின்ற ஜானகியம்மாள், “பாத்து நைனா, கால்ல பட்டா அரிக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அரித்தது. அவன் பொருட்படுத்தவில்லை.

ஸ்டுடியோவில் படங்கள் இறங்கின. டோன் விழுந்தது. துருவின் நிறமும் கம்ப்யூட்டருக்கு ஆரஞ்சுதானே? மணப்பெண்ணின் கன்னத்தை எப்படி வெளுத்ததோ அப்படியே ஏரியையும் வெளுத்தது. பால் அதிகம் விட்ட டீ மாதிரி ஒரு தண்ணீர், அவ்வளவுதான். தாவீது படம் தெளிவாக விழுந்திருக்கிறதா, கால்வாய் வாய் தெரிகிறதா என்று பார்த்தான். நிறத்தைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காக அந்தத் திரையில் எல்லாமே வெளுப்பாகத்தான் தெரிந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தட்டவில்லை. அச்சுப் போட்டு உறையில் ஒட்டி மனுவுக்குக் கொடுத்துவிட்டான், அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அதே நேரத்தில் பேனர் அடிக்க பென் டிரைவில் படம் வேண்டும் என்று துளசிராமன் பிரின்சியிடம் கேட்டார். கல்யாணப் படமாக இருந்தால் அவள் அசலைக் கொடுத்திருக்க மாட்டாள். ஏரிக்கு எதற்கு டோன் என்று கேமரா அட்டையிலிருந்து நேராக ஏற்றிக் கொடுத்தாள். பேனர் கடைக்காரன் தன் மென்பொருளில் திறந்தான். அங்கே ஏரி ஏரியாகவே இருந்தது, ரத்தம் காய்ந்த நிறத்தில்.

திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். வாசலில் பேனரைப் பிடித்து நின்றார்கள். அன்று சாயங்காலமே ஆலை தண்ணீர் விடுவதை நிறுத்தியது, கால்வாயைச் சுத்தமாகக் கழுவியது, இரண்டு நாளில் ஏரியில் சுண்ணாம்பு கொட்டிச் சிவப்பையும் அடியில் படிய வைத்தது. இனிமேல் சாட்சி என்றால் அந்தப் படங்கள் மட்டும்தான்.

விசாரணையில் ஆலை மேனேஜர் ஒன்றும் கஷ்டப்படவில்லை. மனுவிலிருந்த படத்தையும் பேனரின் படத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே கரை, அதே கால்வாய், நீரில் கிடந்த அதே செருப்பு. தண்ணீர் மட்டும் வேறு. எது ஏரி என்று அதிகாரி கேட்டார். துளசிராமன் தாவீதைத் திரும்பிப் பார்த்தார். அந்த நிமிஷத்தில்தான் தாவீதுக்கு விஷயம் உறைத்தது.

லேப்டாப்பைத் திறந்து விளக்கினான். ஒரு மென்பொருளில் காட்டினான், வெளுப்பு. இன்னொன்றில் காட்டினான், சிவப்பு. அசல் இதுதான், அது என் டோன் என்று மன்றாடாத குறையாகச் சொன்னான்.

“ஒரே படத்தை ரெண்டு கலர்ல காட்டுறீங்க. நாளைக்கு மூணாவது கலர்ல காட்ட மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?” என்றார் அதிகாரி.

மேனேஜர் மரியாதையாகவே கேட்டார். “உங்க தொழில்ல கலரை மாத்துவீங்களா?”

“மாத்துவேன் சார். கல்யாணத்துக்கு.”

“மனுவுல இருக்கிற படத்தையும் நீங்கதான் மாத்தினீங்க?”

“ஆமா சார். வெளுப்பா கீறதுதான் மாத்துனது. செவப்புதான் நெசம்.”

உண்மையைத்தான் சொன்னான். அதைவிட மோசமாக அவன் எதையும் சொல்லியிருக்க முடியாது. ஆலைக்குச் சாதகமாகப் படத்தை மாற்றிக் கொடுத்தேன் என்று அவனே ஒத்துக்கொண்டதாகத்தான் ஊர் காதில் விழுந்தது. அதிகாரிக்கோ அவன் எதையும் மாற்றக்கூடியவன் என்று விழுந்தது. படங்களை ஏற்க முடியாது, வழக்கமான முறையில் ஆய்வு நடக்கும் என்று எழுதி முடித்தார்கள்.

திரும்பும்போது வேனில் தாவீது பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அவன் தம்பி எபினேசர் அந்த ஆலையில் ஒப்பந்தக் கூலி. அது போதாதா? தம்பி வேலையை நிரந்தரமாக்கத்தான் அண்ணன் ஏரியை வெளுத்தான் என்றார்கள். அதற்கு மேலும் ஒன்று சொன்னார்கள். அம்மா எங்கள் சேற்றில் குனிந்து நின்ற கோபம் மகனுக்கு எங்கே போகும் என்றார்கள். இதைச் சொன்னவர் துளசிராமன். அவருடைய மகளின் படம் தாவீதின் ஸ்டுடியோவில் வெளுத்துத்தான் நல்ல இடத்துக்குப் போயிருந்தது. சொல்லும்போது அவருக்கு நாக்கு கூசவில்லை.

தாவீது வெகுநாள் மனம் ஆறாமல் கிடந்தான். பேசாமல் இருப்பதைவிடப் பேசியது கெட்டது என்றால் ஒருவன் என்னதான் செய்வது? ஜானகியம்மாள் வீட்டு வாசல் வரை போவான். கதவைத் தட்டக் கை வராது, திரும்பிவிடுவான்.

மழை வந்தது. ஏரி நிரம்பி வழிந்தது. அதற்கப்புறம் ஆய்வுக்கு வந்தவர்கள் தெளிந்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். குறை ஏதும் காணப்படவில்லை. அவர்கள் பொய் எழுதவில்லை, அன்று காணப்படவில்லைதான். தை பிறந்ததும் கால்வாயில் மறுபடி சிவப்பு ஓடியது. இன்னொரு மனுவுக்கு ஊரில் யாருக்கும் தெம்பில்லை. கருகிய நிலத்தை வேறு யார் கேட்பார்கள்? ஆலைதான் கேட்டது. ஜானகியம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டது.

அங்கே கிடங்கு கட்டப் பூமி பூஜை வைத்தார்கள். படம் எடுக்க ஆலை தாவீதைக் கூப்பிட்டது. போகாதே என்று பிரின்சி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அந்தப் பக்கத்துக் கல்யாணம் காட்சி எல்லாம் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டிருந்தது, வந்த ஒரே அழைப்பு இதுதான். போனான்.

நிலம் கொடுத்தவர் என்று ஜானகியம்மாளுக்குச் சால்வை போர்த்த ஏற்பாடு. நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். தாவீது கேமராவோடு எதிரில் போய் நின்றான். இத்தனை மாதமாகச் சொல்ல நினைத்ததை அப்போதுதான் சொல்ல முடிந்தது.

“ஜானகிம்மா, சத்தியமா நான் வேணும்னு பண்ணல. காசு வாங்கிக்கினேன்னு சொல்றாங்க...”

“தெரியும் நைனா” என்றது அந்த அம்மாள். குரலில் கோபம் இல்லை, அன்பும் இல்லை. “நீ காசு வாங்க மாட்ட. நீ யார் கேட்டாலும் அவுங்களுக்குப் புடிச்சாப்பல குடுக்கறவன். எங்களுக்கும் அப்டித்தான் குடுத்துக்கினு இருந்த. அந்த ஒரு நாளு எங்களுக்குப் புடிக்காத நெச கலர நீ குடுத்திருக்கணும்.”

மேனேஜர் சால்வையை விரித்தபடி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். அந்த அம்மாள் சிரித்தது. தாவீது எடுத்தான். படம் நன்றாக வந்திருக்கிறதா என்று மேனேஜர் கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னான்.