தோட்டம் காட்டிய மாப்பிள்ளை

குடலில் புற்று என்று பாதியை அறுத்தெடுத்து, மருந்தும் ஏற்றி அனுப்பியதிலிருந்து, ஆவடி டாங்கி ஃபாக்டரி ஃபிட்டர் பிரகாசத்துக்கு வயிறு அடங்குவதில்லை. முறுக்கினால் அடுத்த நொடி ஓட வேண்டும். பாழாய்ப்போன வயிற்றுக்கு இடம் பொருள் ஏது?

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வெள்ளானூர் போன அன்று, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அப்படியும் கேசரித் தட்டு வந்ததும் முறுக்கியது. நாற்காலி நுனியில் நெளிந்தார். கண் கொல்லைக் கதவிலேயே இருந்தது. பையனின் தகப்பனார் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

"இன்னா அண்ணாத்தே, காப்பிகூட தொடல? எங்க ஊடு புடிக்கலியா?" அவர் முகம் சுண்டிப்போனது.

வாயைத் திறக்கவே பிரகாசத்துக்குப் பயமாக இருந்தது. அதற்குள் பையன் எழுந்து வந்து கையைப் பிடித்தான்.

"வாங்க மாமா, பின்னால தோட்டம் காட்றேன்."

பின்னால் ஒரு செடிகூட இல்லை. கக்கூஸ் இருந்தது. பையன் பக்கெட் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி லூர்தம்மாள் பிடித்துக்கொண்டாள். "பையன் இன்னா வேலை? இன்னா சம்பளம்?"

"அத்தெல்லாம் தெரியாது. ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல ஊரறிய கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லு."