நான்காம் நம்பர் பவானி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை இட்லியை முடித்துவிட்டு அப்போதுதான் பேப்பரைப் பிரித்திருந்தேன். வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண். எங்கேயோ பார்த்த முகம்.

"நல்லா கீறீங்களா சார்? பேக்கிங் பவானி சார். பவானி நாலு."

'நாலு' என்றதும் ஞாபகம் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டியில் நான் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை பார்ப்பவர். நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. கம்பெனி ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. இவர் ஆரம்பாக்கத்திலிருந்து மீஞ்சூர் வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால்... சும்மா நலம் விசாரிக்கவா வந்திருப்பார்?

"இந்தப் பாப்பாவுக்கு ஒரு பேரு வோணும் சார். யாருக்குமே இல்லாத பேரா வோணும். நீங்க பேப்பர்ல எழுதறவரு. ஒங்களுக்குத் தெரியாததா?"

குழந்தைக்கு எட்டு மாதம். என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதில் குறியாக இருந்தது. எட்டு மாதமாகவா பெயர் வைக்கவில்லை என்று கேட்டேன்.

"ஒரு பேரு வெச்சாச்சு சார். அதான் பேஜாரு."

"என்ன பேர்?"

"பவானி."

தாய்க்கும் மகளுக்கும் ஒரே பெயரா? அதற்குள் போவதற்கு முன் இந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெளியூர் வாசகர்களுக்கு இது வெறும் பெயர். எங்கள் பக்கம் அப்படி இல்லை.

பவன் என்பது சிவனுக்கு ஒரு பெயர். பவானி அவருடைய மனைவி. 'பவம்' என்றால் இருப்பு, பிறப்பு, வாழ்வு... ஆகவே பவானி என்றால் வாழ்வு கொடுப்பவள் என்று சொல்வார்கள். இதெல்லாம் புத்தக அர்த்தம். பவானி என்றால் ஈரோட்டுக்காரர்களுக்கு ஆறு. எங்களுக்குப் பெரியபாளையத்து அம்மன்.

அந்தக் காலத்தில் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு வளையல் வியாபாரி வேப்ப மரத்தடியில் மூட்டையை வைத்துவிட்டுத் தூங்கிப்போனாராம். எழுந்து பார்த்தால் மூட்டை புற்றுக்குள் போயிருந்ததாம். வளையலை எடுத்துக்கொண்டவள் அம்மன். இப்படித்தான் எங்கள் பக்கம் கதை சொல்கிறார்கள். வளையல் கேட்ட சாமி என்பதால் பெண்களுக்கு அவள் மேல் தனி உரிமை. ஆடி வந்தால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று சுற்றுவட்டாரமே வேப்பிலை கட்டிக்கொண்டு அங்கேதான் நிற்கும். பிள்ளை இல்லாதவர்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதவர்கள் எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். பிறகு பிள்ளை பிறக்கும். அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

ஆக, எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு பவானி கை கொடுத்துத் தூக்குவார். முப்பது வயதுக்கு மேல் இருந்தால் இன்னும் நிச்சயம்.

கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் மட்டும் ஐந்து பவானி. கையால் வருகைப் பதிவு எழுதிய வரைக்கும் பிரச்சினை இல்லை. 'மீஞ்சூர் பவானி', 'கண்ணாடி போட்ட பவானி' என்று வாயாலேயே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்பு கம்ப்யூட்டர் வந்தது. ஒரே பெயரை ஐந்து முறை அடித்தால் யார் யாரென்று தெரியவில்லை. இனிஷியல் போடலாமே என்பீர்கள். ஒருவருக்கு அப்பா முனுசாமி, இன்னொருவருக்கு முருகன், மூன்றாமவருக்கு மணி. மூன்றும் எம்.

அப்போது ஆபீஸில் ஒரு ஆளுக்கு மூளை வேலை செய்தது. பவானி-1, பவானி-2 என்று வரிசையாக நம்பர் போட்டுவிட்டான். பத்து நிமிட வேலை. மேனேஜர்கூடப் பாராட்டினார்.

அந்த ஆள் நான்தான்.

மேல் மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கு அதோடு மறந்துபோனது. கீழே என்ன நடந்தது என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன். நாளடைவில் பெயர் உதிர்ந்து நம்பர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. "நாலு, டேப் எடுத்துனு வா." "நாலு இன்னிக்கு லீவா?" கேண்டீனில்கூட நாலு.

"என் கல்யாணத்துக்கு எல்லாம் சேர்ந்து ஒரு கடிகாரம் குடுத்தாங்க சார். அதுல பெயிண்ட்ல எழுதிக்கீது... அன்புடன் பவானி நாலுக்குன்னு. மத்த மூணு பேரு யாருன்னு எங்க ஊட்டுக்காரரு கேட்டாரு. எனக்கு மானமே போச்சு. எந்தப் புண்ணியவான் அந்த நம்பர போட்டானோ... அவன் நல்லாவே இருக்க மாட்டான்."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே ஆறிய டீ.

"என் பொண்ணு யாருக்கும் நாலாவதா இருக்கக் கூடாது சார். அவ்ளோதான்."

எவ்வளவு சின்ன ஆசை. எனக்குச் சங்கடமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

சரி, அப்படியென்றால் குழந்தைக்குப் பவானி என்று வைத்தது யார்? "அதோ வெளிய நிக்கிறாரே" என்று கையைக் காட்டினார். கேட்டுக்கு வெளியே, பைக் மேல் சாய்ந்துகொண்டு கணவர் சீனு. வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாராம். நானே ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு போனேன்.

"அவளுக்கு எட்டாம் மாசம் பிரஷர் ஏறிப்போச்சு சார். காலு வீங்கி, கண்ணு சரியா தெரியல. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். அம்மாவா கொழந்தையான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. என்னை உள்ள வுடல. எனக்கு இன்னா பண்றதுன்னு புரியல. வண்டிய எடுத்துனு நேரா பெரியபாளையம் போய்ட்டேன். ரெண்டு பேரையும் முழுசா குடு, மொட்டை போட்டுக்கிறேன், உன் பேரே வைக்கிறேன்னு வேண்டிக்கினு வந்தேன்."

"பையனாப் பிறந்திருந்தா?"

"பவானி சங்கர். அதையும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

வேண்டிக்கொள்ளும்போது மனைவி பெயரும் அதேதான் என்பது உறைக்கவில்லையா?

"அந்த நேரத்துல யாரு சார் அதெல்லாம் பாப்பாங்க? மொட்டை போட்டேன். முடியும் வளந்துடுச்சி. பேரு மட்டும் அப்டியே நிக்குது. தொட்டில் போட்ட அன்னிக்குக் காதுல பவானின்னு நான் சொன்னேன். அவ மூஞ்சத் திருப்பிக்கினா. இன்னிய வரைக்கும் பாப்பான்னுதான் கூப்புட்றா. சர்டிபிகேட்ல பேரு எழுதற எடம் காலியாக் கீது. அம்மன் கிட்ட சொன்ன வார்த்த சார்... நாளைக்குக் கொழந்தைக்கு எதுனா ஒண்ணுன்னா நான் தாங்குவனா?"

இவரையும் குறை சொல்ல முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். அவருக்குப் பெயர் என்பது பிள்ளைக்குக் காவல். மனைவிக்கு அது பிள்ளைக்கு அடையாளம். இரண்டு பேருமே பிள்ளைக்காகத்தான் சண்டை போடுகிறார்கள்.

பஞ்சாயத்து செய்கிற புத்தி சும்மா இருக்குமா? சர்டிபிகேட்டில் பவானி, வீட்டில் வேறு பெயர்... ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே என்று உள்ளே வந்து சொல்லிப் பார்த்தேன்.

"சர்டிபிகேட்ல கீறதுதான் சார் பேரு. ஊட்ல இன்னா கூப்ட்டா யாருக்கு வோணும்? அதப் பாத்துத்தான நம்பர் போட்டாங்க?"

அதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை. பெயர் தேட உட்கார்ந்தேன். பொற்கொடி என்றேன். "எங்க சித்தி பேரு சார்." மல்லிகா, தேன்மொழி... கும்மிடிப்பூண்டி லோக்கல் டிரெயினில் ஏறினால் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கிறார்கள். கடைசியில் பொறி தட்டியது. மகிழினி.

மகிழ்ச்சி உடையவள். நல்ல தமிழ். நானே கண்டுபிடித்த பெயர் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனாலும் ஆபீஸ் புத்தி போகுமா? கம்பெனியில் வருடா வருடம் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இலவச நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். அந்த லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் வரவழைத்து வரி வரியாகப் பார்த்தேன். ஹர்ஷிகா, தன்ஷிகா, ரித்திகா, கனிஷ்கா... 'கா'வில் முடியாத பெண் குழந்தையைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது. மகிழினி ஒன்றுகூட இல்லை.

பவானி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்து ஒரு முறை சொன்னார். பிறகு என்னிடம், "இதுக்கு நம்பர் போட மாட்டாங்களே சார்?" என்றார்.

போட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரமே குழந்தைக்கு இரண்டு நாள் ஜுரம். சீனு ஒன்றும் சொல்லவில்லையாம். ஒன்றும் சொல்லாமல் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். பவானிக்கே பயம் பிடித்து, விட்டுவிடலாமா என்று எனக்குப் போன் செய்தார். நான் என்ன சாமியாரா? ஊரில் எல்லாக் குழந்தைக்கும் ஜுரம், பவானிகளுக்கும் சேர்த்துத்தான் என்றேன். ஜுரம் விட்டது. பெயரைப் பதிந்துவிட்டார்கள். சீனு கையெழுத்துப் போட்டார், முகம்தான் சரியில்லை என்று தகவல் வந்தது.

இது முடிந்த கதை என்றுதான் நினைத்திருந்தேன். போன புதன்கிழமை மறுபடியும் போன்.

"சார், ஒம்பதாம் மாச ஊசி போட்டுக்கினு வந்தோம். அங்க இன்னா ஆச்சு தெரியுமா? மகிழினி யாருன்னு நர்சம்மா கேட்டாங்க. மூணு பேரு எழுந்தோம் சார்."

அப்போதுதான் என் கெட்டிக்காரத்தனம் புரிந்தது. நோட்டுப் புத்தக லிஸ்ட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்தானே இருப்பார்கள்? தவழ்கிற பிள்ளைகள் எப்படி வருவார்கள்? அவர்களுக்கு ஏற்கெனவே யார் யாரோ அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ஊரில் யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று எல்லாரும் தேடுகிறோம். எல்லாரும் ஒரே இடத்தில் தேடுகிறோம்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"நர்சம்மா பேனாவ எடுத்துக்கினு, மகிழினி ஒண்ணு, ரெண்டுன்னு போட ஆரம்பிச்சாங்க. நான் ஓடிப்போய் கையப் புடிச்சிட்டேன் சார். எத வேணா எழுதுங்க, நம்பர் மட்டும் போடாதீங்கம்மான்னேன். என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. அப்பறம், சரி, அம்மா பேரு சொல்லுங்கன்னாங்க."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பொண்ணுங்க. ஒருத்தி மோனிஷா, ஒருத்தி அனிதா. அங்க குந்தினு இருந்த அத்தினி பேர்ல பவானி நான் ஒருத்திதான் சார்."

பின்னால் குழந்தை சிணுங்கியது. அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே மேலே சொன்னார்.

"பவானி மகிழினின்னு எழுதிட்டு, அப்டியே சத்தமா கூப்ட்டாங்க. இவரு கொழந்தையத் தூக்கிக்கினு எழுந்தாரு. அம்மன் பேரு முன்னாடியே வந்துடுச்சின்னாரு. ஊசி பாப்பாவுக்குத்தான் சார் போட்டாங்க. அழுதுக்கினு வெளிய வந்தது அவரு."

நான் ஒன்பது வருடம் முன்பு பத்து நிமிடத்தில் முடித்த வேலையை அந்த நர்ஸ் அரை நிமிடத்தில் முடித்திருக்கிறார். என்ன வித்தியாசம்? அவர் ஒரு கேள்வி கேட்டார். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

போனை வைப்பதற்கு முன், "உங்க அம்மா பேர் என்னம்மா?" என்றேன்.

"கன்னியம்மா சார். இன்னாத்துக்குக் கேக்குறீங்க?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டேன். அந்தப் புண்ணியவான் யார் என்பதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. சீனு இந்தப் பத்தியை வாரா வாரம் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுவார் என்று கேள்வி. இந்த வாரமும் படிக்கட்டும்.

போனை வைத்ததும் ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். கன்னியம்மா பவானி.

அன்றைக்கே கேட்டிருக்கலாம்.