அவர் வேலை பார்த்த ஊருக்குச் சுற்றிப்பார்க்கப் போனோம்

என் கணவர் பதினோரு வருடம் சிங்கப்பூரில் வெல்டராக வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருவார். மகள் பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார், மகன் பிறந்தபோதும் அங்கேதான் இருந்தார். மகனுக்கு இரண்டு வயது இருக்கும்போது வந்தவர், இனிமேல் போகப்போவதில்லை என்று சொல்லி, பெரம்பலூரில் துறையூர் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறை போட்டார். நான் அரியலூரில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். காலையில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிற பஸ்ஸில் போய், சாயங்காலம் அதே மாதிரி ஊர்ந்து திரும்பி வருகிறேன்.

அவர் வந்து இரண்டு வருடம் ஆன பிறகு, கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரைச் சுற்றிப்பார்த்துவிட்டு வரலாம் என்றார். உடையார்பாளையத்தில் என் அம்மா வீட்டில் இதைச் சொன்னபோது, அங்கே யார் உங்களுக்கு வழி காட்டுவார்கள் என்று என் தம்பி கேட்டான். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பதினோரு வருசம் கெடந்த ஊரு மச்சான். கண்ண மூடிக்கிட்டே சுத்திக் காட்டுவேன்" என்றார்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. மகனுக்கு நான்கு. திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் கார் பிடித்துப் போனோம். வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்த மகள், உள்ளே போகிற வாசலுக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பிளேனுக்குப் பயப்படுகிறாளோ என்று நினைத்து, அது பஸ் மாதிரிதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தெரிந்தவரை அந்த வாசலில் அப்பா மட்டும் உள்ளே போவார். நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, அவர் தலை மறைகிறவரை பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம்.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் குந்தினார். நான்கு பாஸ்போர்ட்டையும் அவள் கையில் கொடுத்தார். "நீயே காட்டு பாப்பா. நீ காட்டுனாத்தான் என்னய உள்ள உடுவாங்க" என்றார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே காவலர் முன்னால் நான்கையும் விசிறி மாதிரி விரித்து நீட்டினாள். உள்ளே போன பிறகும் வெகுநேரம் அவற்றைத் திருப்பித் தரவில்லை.

சிங்கப்பூரில் எங்கள் ஆட்கள் நிறையப் புழங்குகிற பகுதியில் ஒரு சின்ன லாட்ஜில் தங்கினோம். முதல் நாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் போய்ப் பார்க்கிற அந்தச் சிலையைப் பார்க்கக் கிளம்பினோம். சிங்கத் தலையும் மீன் உடம்புமாக, வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிற வெள்ளைச் சிலை. அதன் முன்னால் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அவர் நிற்கிற போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் ரொம்ப காலமாகத் தொங்குகிறது. மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்குக்கூட ஒருமுறை எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறாள்.

ரயிலை விட்டு இறங்கி நடந்தோம். ஒரு பாலத்தைத் தாண்டினோம். மறுபடி அதே பாலத்துக்கு வந்தோம். வெயில் எங்கள் ஊர் வெயில் மாதிரி சுள்ளென்று அடிக்கவில்லை. ஈரத் துணியால் போர்த்தின மாதிரி புழுங்கியது. மகனுக்குப் புதுச் செருப்பு கடித்தது. அவர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, போனில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு சீனப் பாட்டியம்மாவிடம் நான் வழி கேட்க வேண்டியதாயிற்று. இவர் என் முகத்தைப் பார்க்காமல் பின்னால் வந்தார்.

சிலைக்கு முன்னால் போய் நின்றதும் மகள் கேட்டாள், "அப்பா, நீங்க எந்த எடத்துல நின்னீங்க? நானும் அங்கயே நிக்கிறேன்."

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மகனுக்குக் கொடுத்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நான் இங்க வந்ததே இல்ல. அந்தப் போட்டோ எங்க ரூம்ல ஒரு பையன் போன்லயே ஒட்டிக் கொடுத்தது."

பதினோரு வருடத்தில் லாரியின் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும்போது இந்தப் பக்கத்துக் கட்டடங்களின் தலை தெரியுமாம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இருக்கும். இல்லாவிட்டால் துணி துவைத்து, ஒரு வாரத்துக்குக் குழம்பு வைத்து, வீட்டுக்குப் போன் பேச நேரம் சரியாக இருக்கும். ஊரில் எல்லோரும் கேட்டார்களே என்று அந்தப் போட்டோ. சொல்லும்போது அவர் காது சிவந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை வருடம் அந்தப் போட்டோவைத் துடைத்துத் துடைத்து மாட்டியிருக்கிறேனே, அவருடைய நிழல் தரையில் விழவே இல்லை என்பதைக் கவனிக்கவில்லையே என்றுதான் தோன்றியது.

"சரி, எனக்கும் புதுசு, உங்களுக்கும் புதுசு. பாத்துக்கிட்டே போவோம்" என்றேன். மகளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. அவளாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து எங்களை நிற்க வைத்தாள்.

சின்னப் பிள்ளைகளோடு ஊர் பார்ப்பது நாம் நினைத்துக்கொண்டு போகிற மாதிரி இருப்பதில்லை. உயிரியல் பூங்காவில் வெள்ளைப் புலி இரண்டு கெஜ தூரத்தில் நடந்தபோது, மகன் நடைபாதையில் ஊர்ந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உயரமான கட்டடத்தின் உச்சிக்கு ஏறிப் போனபோது அவனுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. தயிர்சாதம் கேட்டு அழுதான். அவனுக்குப் பிடித்தது மாடி பஸ் ஒன்றுதான். மேல்தளத்தில் முன் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவோம். மகளோ போகிற இடமெல்லாம் கழிப்பறைக் குழாயில் கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வருவதை நாலைந்து முறை சோதித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

மூன்றாவது நாள், இரும்பால் செய்த பெரிய பெரிய மரங்கள் நிற்கிற தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஒரு பிரம்மாண்டமான கண்ணாடிக் கூடத்துக்குள் குளிர்நாட்டுப் பூக்களை வளர்க்கிறார்கள். அதற்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். வரிசையில் நிற்கும்போது மகள் ஐஸ்கிரீமைச் சட்டையில் கொட்டிக்கொண்டாள். நான் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மகனைக் காணவில்லை.

அவர் வைத்திருப்பதாக நான் நினைத்தேன். நான் வைத்திருப்பதாக அவர் நினைத்தார். அவர் வரிசையை விட்டு ஓடினார். மகள் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான பேர், எல்லோர் கையிலும் யாரோ ஒரு பிள்ளை. அரை நிமிடமோ ஐந்து நிமிடமோ தெரியாது. பக்கத்துப் புல்வெளியிலிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது.

"அண்ணே! பையன் இங்க இருக்கு!"

ஒரு பெரிய மரத்தடியில் ஐந்தாறு தொழிலாளிகள் பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் புல்வெட்டும் மெஷின் கிடந்தது. மகன் அதன் முன்னால் குந்திக்கொண்டு பிளேடு எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறையில் வளர்கிற பிள்ளை. பூவை விட்டுவிட்டு மெஷினைத் தேடிப் போயிருக்கிறான். யாரோ தன் மஞ்சள் ஹெல்மெட்டை அவன் தலையில் கவிழ்த்திருந்தார்கள். அது மூக்குவரை இறங்கியிருந்தது.

நான் அவனை அள்ளி எடுத்து இறுக்கிக்கொண்டேன். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. எங்களைக் கூப்பிட்டவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஊரைக் கேட்டேன். பங்களாதேஷ் என்றார். வேலை இடத்தில் தமிழ் ஆட்களோடு சேர்ந்து இருந்து தமிழ் கற்றுக்கொண்டாராம். "அக்கா, அழுவாத. தம்பி பயப்படல. நான் பாத்துட்டேதான் இருந்தேன்" என்றார்.

என் கணவர் அவர் கையைப் பிடித்தார். அப்படியே புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். எந்தப் பக்கம் தங்கியிருக்கிறீர்கள், எத்தனை பேர் ஒரு அறையில், சாப்பாட்டுப் பொட்டலம் காலையிலேயே வந்துவிடுகிறதா, மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறதா என்று விசாரித்தார். அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டி, அதிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இவர் எடுத்துச் சாப்பிட்டார். மூன்று நாளாக வழி தெரியாமல் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தவர், அந்த மரத்தடியில்தான் பழைய மாதிரி ஆனார்.

அந்தப் பங்களாதேஷ்காரர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். தனக்கும் இதே வயதில் ஒரு மகன் இருக்கிறான், கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தது, வீட்டுக்குப் போன் போடுகிறேன், தம்பியைக் கொஞ்சம் மடியில் வைத்துக்கொள்ளட்டுமா என்றார். நான் மகனைக் கொடுத்தேன்.

போனில் ஒரு பெண் வந்தாள். முக்காடு நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைக் கொஞ்சம் உயரத்தில், முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி பிடித்திருந்தாள். பின்னால் தகரச் சுவர். ஒரு சின்னப் பையன் ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு ஓடிப்போனான். அவள் அவனைப் பிடித்திழுத்துக் காட்டினாள். சிரிக்கச் சொன்னாள். அவன் கையைத் தூக்கி ஆட்டிவிட்டாள்.

இதெல்லாம் நான் செய்தவை. அந்தப் போனை அப்படித்தான் நானும் பிடிப்பேன். வெளிச்சம் வேண்டும் என்று ஜன்னலோரம் நின்று, அழுத முகத்தைக் கழுவிவிட்டு, பிள்ளையை இழுத்து இழுத்துக் காட்டுவேன். மறுமுனையில் அது எப்படித் தெரியும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது பார்க்கிறேன். வெயிலில் அந்தத் திரை மங்கலாகத் தெரிந்தது. என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வீடு. அந்தப் பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். மொழி புரியவில்லை. நான் அவள் மகனைக் காட்டி, நல்லா இருக்கான் என்று தமிழில் சொன்னேன். அவள் என் மகனைக் காட்டித் தன் மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

பேசி முடித்ததும் அந்தப் பங்களாதேஷ்காரர் போனை உடனே பையில் போடவில்லை. அணைந்த திரையைச் சட்டையில் துடைத்தார். என் கணவர் வேறு பக்கம் பார்த்தார்.

கண்ணாடிக் கூடத்துக்கு எங்கள் டிக்கெட் நேரம் தாண்டிவிட்டது. மாடி பஸ்ஸில் திரும்பினோம். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, நாளைக் காலையில் ஒருவரைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன் என்றார். யாரை என்று கேட்டேன். பழைய கம்பெனி சூப்பர்வைசர். மறுபடியும் இரண்டு வருடத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். பட்டறையில் ஒரு மாதம் வேலை இருக்கிறது, ஒரு மாதம் இல்லை. எங்களைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி வந்து, அதையும் பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார். என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மூன்று நாளாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஏன் என்கிட்ட சொல்லலை என்று சண்டை போட்டிருக்கலாம். அந்த மரத்தடிக்குப் போகாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

"போறதுன்னா போயிட்டு வாங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றேன். "ஆனா அந்தப் போனை மறுபடி என்னால புடிக்க முடியாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அந்த சூப்பர்வைசரிடம் பேசினார். பிள்ளைகளோடு வந்திருக்கிறேன் அண்ணே, நாளைக்கு வரமுடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். மகன் திரும்பி, அடுத்த நிறுத்தத்தில் இறங்க வேண்டாம் என்று கெஞ்சினான். சரி என்றார்.

மறுநாள் காலை, யாரும் பரிந்துரைக்காத ஒரு சாதாரணக் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் கடலைப் பார்ப்பது அதுதான் முதல்தடவை. மகன் அலையைக் கண்டு பின்வாங்கினான். அவர் பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, அவனை ஒரு கையிலும் மகளை ஒரு கையிலும் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன. இதில் எது நம்ம ஊருக்குப் போகும் என்று மகள் கேட்டாள்.

"தெரியல பாப்பா" என்றார் அவர். "யாரையாவது கேட்போம்."